பிறந்த வீட்டுக் கோடி

என் தங்கை அக்கம்மாள் இறந்துபோன செய்தி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வந்தபோது நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வேட்டிதான் கட்டுவேன். குளிரானாலும் அதுதான். மகன் திலீபன் வாங்கிக் கொடுத்த கம்பளிக் கால்சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது.

போனில் அக்கம்மாளின் மகன் விஜயகுமார். தேவதானப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். எப்போதும் கூப்பிடுவது நான்தான். அவன் கூப்பிட்டிருக்கிறான் என்றதுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"மாமா... அம்மா போயிட்டாக மாமா."

"எப்ப?"

"இப்பத்தான். டீ போடுறேன்னு எந்திரிச்சாக. அடுப்படியிலயே சாஞ்சுட்டாக. ஆட்டோ வர்றதுக்குள்ள..."

"அழாத. நீ மூத்தவன். ஆக வேண்டியதப் பாரு."

போனை வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. திலீபனுக்குச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இந்த ஊர் மழைக்குச் சத்தமே கிடையாது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசியிருந்தேன். நான் இங்கே வந்த 2004 முதல் மூன்று வருடமாக, ஞாயிறுதோறும் வெளிநாட்டுக்குப் பேசும் போன் அட்டையைச் சுரண்டி அவளைக் கூப்பிடுவது வழக்கம். ஊரில் என்ன விசேஷம் என்று நான் கேட்க மாட்டேன். அவளாகச் சொல்வாள். மழை, வெள்ளாமை, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்துவிடுவாள். தேனியில் எந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்குகிறார்கள், அந்தக் காலத்துக் கதாநாயகிகளில் யார் இப்போது சீரியலில் மாமியாராக வருகிறாள், கொடைக்கானல் எஃப்.எம்மில் காலையில் என்ன பழைய பாட்டுப் போட்டார்கள். பாட்டைச் சொல்லிவிட்டு இரண்டு வரி பாடியும் காட்டுவாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில்தான்.

பேத்திக்குச் சிம்ரன் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். "குலசாமி பேரு இருக்கையில நடிகை பேரு எதுக்கு?" என்று நான் சத்தம் போட்டேன். "குலசாமிக்கு டான்ஸ் ஆடத் தெரியாதுண்ணே" என்றாள்.

கடைசியாகப் பேசியபோதும் அப்படித்தான் பேசினாள்.

"செவ்வாக்கெழம இங்கன காப்புக் கட்டுண்ணே. இந்த வருசம் தெரை கட்டிப் படம் போடலயாம். மதுரையில இருந்து ஆடல் பாடல் குரூப்பு வருதாம். நீ இருந்தா கம்ப எடுத்துட்டுப் போயிருவ."

"போவேன்தான். கோயில் பந்தல்ல என்ன குத்தாட்டம்?"

"இதையேதான் கர்ணண்ணனும் சொன்னாக, எழுத்து மாறாம."

"அவன் பேச்ச எங்கிட்ட எடுக்காத."

"எடுக்காம எப்படி? போன வாரம் நீ சொன்னத அவுககிட்டச் சொல்லிப்புட்டேன். பதில் வாங்கி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். கேக்குறியா, அவுத்து உதறிரவா?"

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சொல் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும்.

"உன் ஆளு படம் பெரியகுளத்துல எழுவது நாளுதான் ஓடுச்சாம். நூறாவது நாள் போஸ்டரு மன்றத்துக்காரவுக கைக்காசப் போட்டு அடிச்சதாம்."

"பொய்."

"பொய்யின்னு போயிச் சொல்லிரவா?"

"சொல்லு."

சிரித்தாள். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

கர்ணன் என் சித்தப்பா மகன். என்னைவிட ஆறு மாதம் இளையவன். ஜெயமங்கலத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தோம். அறுப்பு முடிந்ததும் வயலில் கூடாரம் போட்டு டூரிங் டாக்கீஸ் வரும். சாமி பாட்டுப் போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சோற்றுக் கையோடு நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி, அக்கம்மாளை அதன் மேல் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்காருவோம். பெரியகுளத்துக்குப் புதுப்படம் பார்க்கப் போவதென்றால் வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டு போவது. திரும்பி வரும்போது வராக நதிப் பாலம் வருவதற்குள் அவள் எல்லாப் பாட்டையும் பாடி முடித்திருப்பாள். மறுவாரம் களையெடுப்பில் அவள் பாட, மற்றப் பெண்கள் களையை விட்டுவிட்டு நிற்பார்கள்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இரண்டு நடிகர்களுக்கு இரண்டு மன்றம். எங்கள் ஊரில் ஒன்றுக்கு நான் தலைவர். மற்றதற்குக் கர்ணன் செயலாளர். வீட்டுக்குள் ஒரே சட்டியில் சாப்பிடுவோம்; வாசலைத் தாண்டினால் அவன் வேறு கொடி, நான் வேறு கொடி. அதை யாரும் தப்பாக எடுக்கவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்கு, பெரியகுளத்தில் இரண்டு பேர் படமும் எதிரெதிர்த் தியேட்டர்களில் வந்தன. எங்கள் பேனரில் சாணி அடித்தார்கள். அவர்கள் பேனரை என் ஆட்கள் கிழித்தார்கள். போலீஸ் வரை போகக் கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிழித்தது என் ஆட்கள்தான் என்று நானே எழுந்து நின்று சொன்னேன். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

கர்ணன் எழுந்தான். "பெரியப்பா தூண்டி விடாம இவனுக்கு இம்புட்டுத் தைரியம் வராது" என்றான்.

அவன் பெரியப்பா என்றது என் அப்பா பிச்சைமணியை. எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் உட்கார்ந்து பார்த்தவரில்லை அவர். கூட்டத்தில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் தன் பக்கத்து நியாயம் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்கு எதிரே நிமிர்ந்து நிற்க அஞ்சியவர்கள் உட்கார்ந்துகொண்டு அந்தக் கும்பிடை வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் தோளில் துண்டைப் போட்டு நான் பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் இறந்தார். கர்ணனைப் பாடையின் பக்கத்தில் நான் விடவில்லை.

சினிமாவுக்காகப் பங்காளிகள் பேச்சை விட்டார்கள் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சினிமாவுக்காக இல்லை, துண்டுக்காக. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்த அக்கம்மாளுக்கு இரண்டு பக்கமும் அண்ணன். அவள் வீட்டு விசேஷத்துக்கு மத்தியானம் அவன் வந்து போவான், சாயங்காலம் நான் போவேன். "என் வீட்டுல தெனம் ரெண்டு காட்சி. மேட்னிக்கு வந்தவுக ஃபர்ஸ்ட் ஷோவுக்கு இருக்கப்படாது" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். அவன் சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அவனிடமும் கொண்டுபோய்க் கொட்டுவது அவள் வேலை. எல்லாம் பழைய படங்களைப் பற்றிய சண்டைதான்.

மத்தியானம் விஜயகுமாரைக் கூப்பிட்டேன். அக்கம்மாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றான். மறுநாள் விடியக் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது என்பதால் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். நான் கிளம்பிப் போயிருந்தாலும் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். கிளம்பவும் வழியில்லை. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்கள்.

"மாமா, கோடி?" என்றான்.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து அவள் உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. வாசலில் கொட்டு மேளத்தை நிறுத்தச் சொல்லி, இன்னார் வீட்டுக் கோடி என்று மூன்று தடவை சொல்லிவிட்டு உள்ளே வர வேண்டும். அது இல்லாமல் எடுத்தால், கேட்க நாதியில்லாதவள் என்ற பேச்சு ஊரில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை.

"கர்ணன் மாமா வந்திருக்காக" என்றான் விஜயகுமார். "சேலையோட தெரு முக்குல நிக்கிறாக. உள்ள வரல. 'உரிமை அவனுது. அவன் வாயால சரின்னு சொன்னா வாறேன். இல்லாட்டி இப்படியே திரும்பிருவேன்'ங்கிறாக."

"அவன விட்டா வேற ஆளே இல்லையா?"

"பங்காளி வீட்ல இருந்து நாலஞ்சு பேரு வந்திருக்காக. மூத்தவுக நிக்கையில நாங்க எப்படின்னு கைய விரிச்சுட்டாக."

"நீ ஒரு சேல எடு. என் பேரச் சொல்லிப் போடு."

"நான் இந்த வீட்டுப் பிள்ள மாமா. நான் போட்டா அது கோடியா?" அவன் குரல் இறங்கியது. "எங்க அத்தைக இப்பவே வாயத் தொறந்துட்டாக. 'சீமையில ஒரு அண்ணன், தெருவுல ஒரு அண்ணன், மேல போட முழத்துணி இல்ல'ங்கிறாக. அம்மா பெட்டிக்குள்ள கெடக்காக மாமா. அவுக காதுல விழுகாது, எங்க காதுல விழுகுது."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

சமையலறை சன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. எதிர் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு குப்பைத் தொட்டியை உருட்டி வந்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். இந்தத் தெருவில் வீட்டு வாசலில் கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. இங்கும் ஆட்கள் சாகாமலா இருப்பார்கள்?

கர்ணன் கோடி போட்டால் என்ன பெயரைச் சொல்வான்? அதை நினைத்தேன். அவன் அப்பா பெயரைச் சொன்னால் அக்கம்மாள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று ஊரறிய ஆகிவிடும். என் பெயரைச் சொல்ல அவன் நாக்கு வளையாது. வளைந்தாலும் அவன் வாயில் என் பெயர் வர வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால், என் அப்பா பெற்ற பெண் வெறும் உடம்போடு போவாள். எப்படித் திருப்பினாலும் அடி அப்பா மேல் வந்து விழுந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் அப்போது மூன்று மணி இருக்கும். மறுபடி கூப்பிட்டேன்.

"யார் பேரச் சொல்லிப் போடுவான்னு அவங்கிட்டக் கேளு."

"நீங்களே கேளுங்க மாமா."

"நான் அவங்கிட்டப் பேச மாட்டேன். நீ கேளு."

விஜயகுமார் போனைக் கையில் பிடித்தபடியே நடந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் அழுவது கேட்டது. கொட்டு கேட்டது. எங்கேயோ கோயில் பக்கம் ரேடியோ செட்டுக்காரன் குழாய் கட்டி, 'அலோ, அலோ, மைக் டெஸ்டிங்' என்றான். யாரோ அவனை அதட்ட, அது நின்றது. மூன்று வருடமாக நான் கேட்காத சத்தம் முழுவதும் ஒரே நேரத்தில் காதுக்குள் வந்தது. போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தேன்.

விஜயகுமார் கேட்டான். பிறகு கர்ணனின் குரல். அப்பாவின் சாவுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மெலிந்து, மூச்சிரைப்போடு இருந்தது.

"பெரியப்பா பேரச் சொல்லித்தான் போடுவேன். வேற யார் பேரு இருக்குன்னு கேளு அவன."

"மாமா, லைன்ல இருக்கீகளா?"

"அவன் தோள்ல துண்டு கெடக்கா?"

விஜயகுமாருக்கு விளங்கவில்லை. "இல்ல மாமா. இடுப்புல கட்டியிருக்காக. வரும்போதே அப்படித்தான் வந்தாக."

கேதத்துக்கு வருகிறவன் யாரும் துண்டை இடுப்பில்தான் கட்டுவான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டேன்.

"லவுடுல போட்டிருக்கேன் மாமா. ஒரு வார்த்த நீங்களே சொல்லிருங்க. பொழுதாகுது."

"விஜயகுமாரு" என்று அவனிடமே சொன்னேன். "கோடியப் போடச் சொல்லு."

"வழிய விடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். கொட்டு முன்னால் நகர்ந்தது. விஜயகுமார் போனை அணைக்காமல் உடன் நடந்தான். அது அவனாகச் செய்த நல்ல காரியம். வாசலில் கொட்டு நின்றது.

"ஜெயமங்கலம் பிச்சைமணி வீட்டுக் கோடி!"

எழவு வீட்டில் சத்தம் அடங்கியது.

"ஜெயமங்கலம் பிச்சைமணி வீட்டுக் கோடி!"

மூன்றாவது தடவை சொல்லும்போது அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பெயரைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இருமினான்.

பெண்கள் ஒரேயடியாக அழுகையை எடுத்தார்கள். என்ன நிறச் சேலை என்று விஜயகுமாரிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குறுக்கே வந்து, அட்டையில் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள். அவள் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. அக்கம்மாளைத் தூக்கியதை நான் கேட்கவில்லை.

குளியலறைக்குப் போய் ஷவரைத் திறந்து தலை முழுகினேன். வெந்நீர்க் குழாயைத் தொடவில்லை. ஈர வேட்டியோடு கூடத்துக்கு வந்து நின்றேன். மருமகள் வந்து பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னேன். அழுதாள். அக்கம்மாளைத் தன் கல்யாணத்தின்போது ஒரு தடவை பார்த்தவள். அவ்வளவுதான் அழ முடியும். திலீபன் சுரங்கத்திலிருந்து பேசினான்.

"லீவு போட்டுட்டு வரட்டுமாப்பா?"

"எதுக்கு?"

ஊரில் இருந்திருந்தால் தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேதம் கேட்க ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். ஒவ்வொருவரும் வரும்போது நானும் எழுந்து கையைக் கொடுத்து, அவள் எப்படிப் போனாள் என்று முதலிலிருந்து சொல்வேன். பத்துப் பேருக்குச் சொன்னால் பாதி இறங்கிவிடும். இங்கே சொல்ல ஆளில்லை. மறுநாள் எதிர் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருமகள் புது அட்டை வாங்கி மேசையில் வைத்திருந்தாள். வழக்கமான நேரத்தில் சுரண்டி, வழக்கமான நம்பரை அடித்தேன். விஜயகுமார் எடுத்தான்.

"சாப்பிட்டீகளா மாமா?"

"ஆச்சு. சுடுகாட்டுல காடாத்து எல்லாம் முறையா முடிஞ்சதா?"

"முடிஞ்சது மாமா."

"மழை உண்டா?"

"இல்ல மாமா. காத்துதான்."

அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பையன், பேசத் தெரியாதவன். ஊரில் என்ன பாட்டுப் போட்டார்கள் என்று அவனிடம் கேட்க முடியாது. ஆடல் பாடல் நடந்ததா என்றும் நான் கேட்கவில்லை.

"கர்ணன் மாமா இங்கனதான் இருக்காக" என்றான். "பதினாறு முடிஞ்சுதான் போவேன்னுட்டாக. அம்மா கட்டில்லதான் படுக்குறாக. போனக் குடுக்கவா?"

"வேண்டாம்."

வைக்கச் சொல்லியிருப்பேன். அதற்குள் பின்னால் அவன் குரல் கேட்டது. சின்னப் பெண் சிம்ரனுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"...பெரியகுளத்துல எங்க ஆளு படம் நூறு நாளத் தாண்டி ஓடுச்சு ஆத்தா. எதுத்த தியேட்டர்ல ஒருத்தன் ஆளு படம் வந்துச்சு. எழுவதாவது நாளே பொட்டியக் கட்டிட்டான்."

"ஒருத்தன்னா யாரு தாத்தா?"

"இருந்தான் ஒருத்தன்."

சுத்தப் பொய். அவன் ஆள் படத்துக்குக் கடைசி இருபது நாளும் மன்றத்துக்காரர்களே வண்டி கட்டிப் போய், காலி பெஞ்சுகளில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தார்கள். கர்ணன் நடுவில் படுத்துக் குறட்டை விட்டதை அக்கம்மாளும் நானும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தியேட்டரும் இப்போது இல்லை. அங்கே அப்படி நடந்தது என்று சொல்ல, உயிரோடு இருப்பது அவனும் நானும்தான்.

சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போன வாரம் வரை சொல்லியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே அதைக் கொண்டுபோய் அவனிடம் கொட்டியிருப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வாங்கி வைத்திருப்பாள்.

"மாமா, அவுககிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்றான் விஜயகுமார்.

"ஒண்ணும் இல்ல. வச்சிரு."

வைத்துவிட்டான். அட்டையில் இன்னும் நிமிடங்கள் பாக்கி இருந்தன.